நாப்பது நிமிஷ மோட்டாரும் நாசமாப்போன பாத்தியும்

கன்னியப்பன் அண்ணன் உப்பளத்து ஆபீஸ்ல பழைய கம்ப்யூட்டரை எடுத்துட்டு புதுசு வைக்கணும். அவ்ளோதான் வேலை. அரை நாள்ல முடிச்சிட்டு மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற என் சர்வீஸ் கடைக்குத் திரும்பியிருக்கணும்.

பழைய பெட்டி உப்புக் காத்துல துரு ஏறி, மூடியைத் தொறந்தா பொடி கொட்டுச்சு. ஆனா அதுக்கு ஒரு முக்கியமான வேலை இருந்துச்சு. தினமும் மத்தியானம் மூணு மணிக்கு மோட்டாரைப் போட்டு, பாத்திக்குத் தண்ணி ஏத்தி, சரியா நாப்பது நிமிஷத்துல நிறுத்தணும். அந்தப் புரோகிராமை எழுதுன மேதை நான்தான்.

நிறுத்தலைன்னா? தண்ணி வரப்பு ஏறி அடுத்த பாத்திக்குப் போயிடும். அந்தப் பாத்தியில பத்து நாள் வெயில்ல விளைஞ்ச உப்பு, சனிக்கிழமை காலையில வாருறதுக்குத் தயாரா நிக்குது. அதுல உப்பு ஏறாத இளந்தண்ணி பாஞ்சா அத்தனையும் கரைஞ்சு போயிடும்.

என் புரோகிராம் லினக்ஸ்ங்கற சிஸ்டத்துலதான் ஓடும். கிளார்க் தேவநாதன் சாருக்கு லினக்ஸ்னா அலர்ஜி. அவருக்கு லெட்டர் அடிக்கணும், சாப்ட்டுட்டு விசிடி போட்டுப் படம் பாக்கணும். புத்தியுள்ளவன் என்ன செஞ்சிருப்பான்? மோட்டாருக்குன்னு தனியா ஒரு பெட்டியை ஓரமா வச்சிருப்பான்.

நான்தான் அந்த மாசம் ஒரு பத்திரிகையில படிச்சுத் தொலைச்சிருந்தேனே! ஒரு கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் ஓட்டலாமாம். வெர்ச்சுவல் மெஷினாம். விடுவேனா?

"உள்ளுக்குள்ள இன்னொண்ணா? எதுக்கு தம்பி? இது என்ன புள்ளத்தாச்சியா?"ன்னு கேட்டார் கன்னியப்பன் அண்ணன்.

"டெக்னாலஜிண்ணே. உங்களுக்குப் புரியாது."

எனக்கும் புரியலைங்கறது வெள்ளிக்கிழமைதான் தெரிஞ்சுது.

வியாழக்கிழமை எல்லாத்தையும் மாட்டினேன். திரையில ஒரு சின்ன ஜன்னல், அதுக்குள்ள என் லினக்ஸ், அதுக்குள்ள என் புரோகிராம். தேவநாதன் சார் லீவு. மூணுக்கு மோட்டார் ஓடுச்சு, மூணு நாப்பதுக்கு நின்னுச்சு. எனக்கு நானே கை தட்டிக்காத குறை.

அப்போ மோட்டார் பாத்துக்கிற ஏழுமலை வந்தான். "சார், நான் பாத்தியில எறங்கி நிப்பேன். கணுக்கால் எலும்பு நனைஞ்சா நிறுத்திடுவேன். கம்ப்யூட்டர் ரிப்பேரான நாள்ல எல்லாம் அப்படித்தான் ஓட்டினேன்."

"கணுக்கால் எல்லாம் ஒரு மீட்டராய்யா?"ன்னு சிரிச்சேன். அதோட விட்டேனா? இவன் கை சும்மா இருக்காதுன்னு, சுவிட்சு பெட்டிக்குப் பூட்டு போட்டேன். சாவியை என் பாக்கெட்டுல போட்டுக்கிட்டேன்!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையில போன் அடிச்சுது. ஏழுமலை.

"சார், மோட்டார் நிக்கல."

"எப்படிப்பா நிக்காம இருக்கும்? போனை கிளார்க் சார்கிட்ட குடு."

தேவநாதன் சார் வந்தார். பின்னாடி டிஷ்யூம் டிஷ்யூம்னு சத்தம். லீவு முடிஞ்சு வந்த மனுஷன் சண்டைப் படம் போட்டு உக்காந்திருக்கார்.

"சார், கம்ப்யூட்டர்ல நேரம் என்ன?"

"இதுல ரெண்டு நேரம் காட்டுதுப்பா. கீழ மூலையில நாலு மணி. உன் ஜன்னலுக்குள்ள மூணு இருபது. எதை எடுத்துக்கறது?"

"என் ஜன்னல்தான் கரெக்ட்! அப்ப இன்னும் இருபது நிமிஷம் இருக்குல்ல? ஏழுமலையைச் சும்மா இருக்கச் சொல்லுங்க."

போனை வச்சுட்டு நிமிர்ந்தேன். என் கடை கடியாரத்துலயும் நாலு மணி. மக்களே, சொல்லவே வெக்கமா இருக்கு. ஸ்டூல் போட்டு ஏறி, அதை மூணு இருபதுக்குத் திருப்பி வச்சேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் போன்.

"சார், தண்ணி வரப்பு வரைக்கும் வந்துடுச்சு!"

என் கடியாரம் மூணு நாப்பது. அப்பாடா, இப்ப நின்னுடும். எதுக்கும் இருக்கட்டும்னு கிளார்க்கைக் கேட்டேன்.

"உன் ஜன்னல்ல மூணு இருபத்தெட்டு"ன்னார்.

இருபது நிமிஷத்துல எட்டு நிமிஷம்தான் ஓடியிருக்கு. கடையை அப்படியே போட்டுட்டு, வண்டியை எடுத்துக்கிட்டு ஈசிஆர் ரோட்டுல பறந்தேன்.

போற வழியிலயே விஷயம் உறைச்சுது. கம்ப்யூட்டருக்கு நேரம் எப்படித் தெரியும்? ஒரு டைமர் நொடிக்கு ஆயிரம் தடவை அதோட தோளைத் தட்டும். அதை எண்ணித்தான் மணி சொல்லும். உள்ள இருக்கிற போலி கம்ப்யூட்டருக்கு டைமரும் போலி, அந்தத் தட்டலை வாங்கிக் குடுக்கிற இன்டரப்ட் கன்ட்ரோலரும் போலி. ரெண்டு வேஷத்தையும் வெளி கம்ப்யூட்டர்தான் கட்டணும். போதாததுக்கு, ஒவ்வொரு தட்டலுக்கும் உள்ள இருக்கிறது "வாங்கிட்டேன்"னு பதில் சொல்லும். அதையும் வெளியில இருக்கிறதுதான் காது குடுத்துக் கேக்கணும்.

அதுவோ தேவநாதன் சாருக்குச் சண்டை காட்டுறதுல மும்முரமா இருக்கு. ஆயிரம் தட்டலுக்கு முந்நூறோ நானூறோதான் குடுத்துச்சு. மிச்சத்தை முழுங்கிடுச்சு. ஹீரோ அடிச்ச ஒவ்வொரு அடியும் என் கடியாரத்து மேல விழுந்திருக்கு!

நான் போய்ச் சேர்ந்தப்ப வரப்பே கண்ணுக்குத் தெரியல. பூட்டைத் தொறந்து மோட்டாரை நிறுத்தினேன்.

"ஃபியூஸைப் புடுங்கியாவது நிறுத்தக் கூடாதாய்யா?"ன்னு ஏழுமலை மேல பாஞ்சேன்.

"எதையும் தொட்டா கையை ஒடிப்பேன்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

சொன்னேன். நல்லா ஞாபகம் இருக்கு.

அதுக்குள்ள கன்னியப்பன் அண்ணன் வந்துட்டார். பாத்தியைப் பாத்தார். என்னைப் பாத்தார்.

"மோட்டார் எத்தினி நிமிஷம் ஓடிச்சு தம்பி?"

பழக்க தோஷம். ஜன்னலைப் பாத்து அப்படியே படிச்சேன். "முப்பத்தி மூணு நிமிஷம்ணே. கணக்குப்படி இன்னும் ஏழு நிமிஷம் ஓடணும்."

அவர் செருப்பைக் கழட்டினார். எனக்கு உசிரே போச்சு. நல்ல வேளை, பாத்தியில எறங்கத்தான். குனிஞ்சு தண்ணிக்குள்ள கையை விட்டுத் துழாவி, கொழகொழன்னு ஒரு பிடி எடுத்துக் காட்டினார். பத்து நாள் உப்பு விரல் சந்துல ஒழுகுச்சு. அவர் திட்டியிருந்தா நல்லாயிருந்திருக்கும்.

சனிக்கிழமை விடிஞ்சதும் போய் உக்காந்தேன். நொடிக்கு ஆயிரம் தட்டலை நூறாக் குறைச்சேன். அந்தப் போலி கன்ட்ரோலர்லயும் நிறைய பதில் கேக்குற புதுசைத் தள்ளிட்டு, பழைய காலத்து எளிய மாடலுக்கு மாத்தினேன். தேவநாதன் சாரைப் படம் போடச் சொல்லி, கைக்கடியாரத்தோட ஒரு மணி நேரம் ஒத்துப் பாத்தேன். ஒரு நொடி பிசகல. மூணு வரி மாத்துற வேலை. வியாழக்கிழமையே படம் ஓட்டிப் பாத்திருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும்.

வெற்றி வீரனா வெளிய வந்தேன். பாஞ்சாலை அக்காவும் அவங்க ஆளுங்க பத்துப் பேரும் கூடையோட வரப்புல நின்னுட்டிருந்தாங்க. உப்பு வார வந்தவங்க. எதிர்ல பாத்தி முழுக்கத் தண்ணி.

"வேலை இல்லியா இன்னிக்கு?"ன்னு கேட்டாங்க பாஞ்சாலை அக்கா.

"உப்பு கரைஞ்சுடுச்சுக்கா. கம்ப்யூட்டர்ல நேரம் கொஞ்சம் மெதுவா ஓடிடுச்சு. இப்ப சரி பண்ணிட்டேன்."

"மறுபடி எப்ப வார்றது?"

"பத்து நாளாவும்க்கா."

காலி கூடையை இடுப்புல மாத்தி வச்சுக்கிட்டு, என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க.

"இதுக்குன்னு படிச்சியா தம்பி?"

"ஆமாக்கா. மூணு வருஷம்."

"மூணு வருஷமா? எந்தக் கடியாரத்துல?"