வெண்பாறைக் கழகத்தின் மூன்றாவது வாத்தியார்

அடுத்த கோச் நான்தான் என்று சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது முடிவு செய்தேன். வாய் நிறையப் பல்பொடி இருந்ததால் யாருக்கும் அறிவிக்க முடியவில்லை. கொப்புளித்து முடிப்பதற்குள் கொஞ்சம் பயம் வந்துவிட்டது.

பயத்துக்குக் காரணம் உண்டு. அரியலூர் வெண்பாறைக் கால்பந்துக் கழகத்துக்கு அதுவரை இரண்டே கோச்சுகள். எங்கள் வழக்கில் வாத்தியார். முதல் வாத்தியார் அரியமுத்து 1976-ல் மைதானத்தின் கிழக்கு மூலைக் கொடியருகே உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. அடுத்தவர் இளையபெருமாள். 1983 பங்குனியில் அதே கொடியருகே சாய்ந்தார். விசில் வாயில் இருந்தது. கடைசி மூச்சு அதன் வழியாகத்தான் போனது. ஃபவுல் என்று நினைத்து ஆட்டக்காரர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, யார் மீது தப்பு என்று வாத்தியார் சொல்வதற்காக அரை நிமிடம் காத்திருந்தார்கள்.

அந்தக் கொடியிலிருந்து பத்தடி தள்ளிப் பள்ளம். சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்தபின் கைவிட்ட குழி. இரண்டு பனை ஆழம் இருக்கும். அடியில் பாறையோடு பாறையாகச் சங்கும் நத்தையும் கல்லாகிக் கிடக்கும். மைதானத்தில் ஓடினால் வெள்ளைத் தூள் கிளம்பும். பத்து நிமிடத்தில் இருபத்திரண்டு பேரும் ஒரே வெள்ளை. எந்தப் பக்கத்து ஆள் என்று தெரியாது. உயிரோடு இருக்கிற ஆளா என்றும் சில சமயம் சந்தேகம் வரும். பள்ளத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. சொன்னதைத் திருப்பிச் சொல்லும். உடனே சொல்லாது. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லும்.

ஆளைத் தின்கிற பதவிதான். இருந்தாலும் பதவி. அதற்கு மூன்று பேர் போட்டியிட்டோம்.

விவாதமெல்லாம் கருப்பண்ணனின் வாடகை சைக்கிள் கடையில். கழகத்தின் பந்துக்குக் காற்றடிப்பது அங்கேதான் என்பதால் கழகத்தின் தலைமையகமும் அதுவே. தினமும் சாயங்காலம் நாற்பது ரசிகர்கள் கூடினார்கள். நடராசன் பொன்மலையில் ரயில்வே ஆட்களோடு ஆடியவர், அவரே சரி என்றது ஒரு கட்சி. பொன்மலையில் அவர் ஆடவில்லை, ஆடியவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார் என்றது மறு கட்சி. பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் அய்யாக்கண்ணுவுக்கு விதிப் புத்தகம் மனப்பாடம் என்றார்கள். அவர் ஆட்டக்காரர்களை உயரவாரியாக நிற்க வைப்பதற்குள் எதிராளி இரண்டு கோல் போட்டுவிடுவான் என்று அதற்குப் பதில் வந்தது. மூன்றாவதாக, தாலுகா ஆபீஸ் கிளார்க் பெரியசாமி. அதாவது நான். என் தகுதியை நானே எடுத்துச் சொன்னேன். இருபத்திரண்டு வருடமாகக் கழகத்தின் ஒரு ஆட்டத்தைக்கூட நான் தவறவிட்டதில்லை.

"கோல் போஸ்ட்டும்தான் தவறவிட்டதில்லை, அதையே கோச்சாப் போட்டுரலாமா?" என்றார் கருப்பண்ணன், பம்பிலிருந்து கையை எடுக்காமல்.

மூன்று வாரம் இப்படியே போனது. கடைசியில் ஒரு பெரியவர், நாம் எதற்கு அடித்துக்கொள்ள வேண்டும், இளையபெருமாளையே கேட்டுவிட்டால் என்ன என்றார். யாரும் சிரிக்கவில்லை. இறந்தவரை உடுக்கையடித்து அழைத்துக் குறி கேட்பது எங்கள் பக்கத்தில் சாதாரணம். பாகப்பிரிவினை செய்யாமல் போனவரைக் கேட்பார்கள். பெண்ணுக்கு மாப்பிள்ளை சொல்லாமல் போனவரைக் கேட்பார்கள். கால்பந்துக் கழகம் கேட்கப்போவது அதுதான் முதல் தடவை. குறிக்காரி ஆண்டாயிக்குச் சொல்லியனுப்பினார்கள். செவ்வாய்க்கிழமை உச்சிவேளை, பள்ளத்தின் விளிம்பில்.

அன்று வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி செங்கமலம் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, அந்த விசிலை வாயில வச்ச ரெண்டு பேரும் போயிட்டாங்க."

"தற்செயல்."

"ஒருத்தர்னா தற்செயல். ரெண்டு பேர்னா?"

"ரெண்டு தற்செயல்."

"மூணாவதுக்கு நீங்கதான் கெடைச்சீங்களா?"

"பேய் பிசாசு எல்லாம் நான் நம்புறதில்ல, செங்கமலம்."

"நம்பாதவரு எதுக்கு ஆண்டாயிகிட்ட கேக்கப் போறீங்க?"

அது கழகத்தின் தீர்மானம் என்றேன். அவள் முறத்தைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு, "சரிங்க, உங்க இஷ்டம்" என்றாள். பதினைந்து வருடக் குடித்தனத்தில் அந்த வார்த்தையை அவள் சொல்லிக் கேட்டதில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். பதினாலு மாதம் முன்பு ஆபீஸ் மாடிப்படியில் எனக்கு மூச்சு முட்டியது. திருச்சியில் ஒரு டாக்டரிடம் போனேன். இதயம் இருக்க வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது என்றார். ஓடக் கூடாது, கத்தக் கூடாது, கோபப்படக் கூடாது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். ஓடாமல், கத்தாமல், கோபப்படாமல் தாலுகா ஆபீஸ் கிளார்க்காக இருக்கலாம். கோச்சாக இருக்க முடியாது. சீட்டை மனைவி கண்ணில் படாமல் பழைய பஞ்சாங்கத்துக்குள் ஒளித்துவைத்தேன். விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். மற்றவர் அன்று என் கூடவே திருச்சிக்கு வந்த இளையபெருமாள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று எனக்குச் சத்தியம் செய்து கொடுத்தவர். இப்போது அவரும் இல்லை.

ஆகவே ரகசியம் பத்திரம். மிச்சமிருந்தது ஆண்டாயிதான். திங்கட்கிழமை காலை எங்கள் வீட்டுக் கருஞ்சேவலைப் பையில் போட்டுக்கொண்டு அவள் குடிசைக்குப் போனேன். வாழ்க்கையில் கோழியைத் தொட்டதே அன்றுதான். இளையபெருமாள் வந்திருக்கிறார் என்று கூட்டம் நம்புவதற்கு மூன்று அடையாளம் சொல்லிக் கொடுத்தேன். இடது முழங்காலில் பிறை மாதிரித் தழும்பு. தாயார் பெயர் அம்மாக்கண்ணு. கடைசி நாளன்று இரண்டு மசால் வடை வாங்கி ஒன்றை நாய்க்குப் போட்டார். மூன்றையும் சொல்லிவிட்டு, விசிலைப் பெரியசாமியிடம் கொடு என்று முடிக்க வேண்டும். ஆண்டாயி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். சேவலின் காலைக் கட்டிக்கொண்டே, வேறொன்றும் இல்லையே என்று கேட்டாள். இல்லை என்றேன்.

செவ்வாய்க்கிழமை உச்சி. வெயில் நேர் மேலே நின்றது. ஒருவருக்கும் நிழல் இல்லை, காலடியில் ஒரு கறுப்புப் பொட்டு மட்டும். பள்ளத்தின் வெள்ளைச் சுவர் கண்ணைக் குத்தியது. கற்பூரம் ஏற்றினார்கள். அந்த வெளிச்சத்தில் சுடர் தெரியவில்லை, அதற்கு மேலே காற்று மட்டும் நடுங்கியது. ஆண்டாயி கிழக்கு மூலைக் கொடியருகே உட்கார்ந்தாள். உடுக்கையை அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் பள்ளம் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பதில் அடி அடித்தது. பிறகு இரண்டு சத்தமும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து, யார் முதலில் அடிக்கிறார்கள் என்று தெரியாமல் போயிற்று.

கால் மணி நேரம் ஆனது. திடீரென்று உடுக்கை நின்றது. பள்ளத்தில் கடைசி அடியும் நின்றது. ஆண்டாயி தொண்டையை இரண்டு தடவை செருமினாள். "கேளு" என்றாள்.

எதைச் சொல்வதானாலும் இளையபெருமாள் அப்படித்தான் ஆரம்பிப்பார். இரண்டு செருமல், ஒரு கேளு. இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

தழும்பு வந்தது. கூட்டத்தில் ஒருவர் கும்பிட்டார். தாயார் பெயர் வந்தது. எல்லாரும் கும்பிட்டார்கள். வடையும் நாயும் வந்தபோது கருப்பண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்தது என் பெயர். முகத்தை எதிர்பாராதவன் முகம்போல வைத்துக்கொண்டேன்.

"கேளு. பெரியசாமி எங்கடா?"

எழுந்து நின்றேன்.

"ஜெயங்கொண்டத்துல, எழுபத்துநாலு பைனல்ல, லைன்ல நின்னு கொடியைத் தூக்கி நம்ம கோலைக் கெடுத்தியே. அது ஆஃப்சைடாடா? உன் மணிக்கட்டுல குளவி உக்காந்துச்சு. ஒதறுனே."

நாற்பது தலைகள் என் பக்கம் திரும்பின. ஒன்பது வருடமாக அந்தக் கோலுக்காக ரெஃப்ரியின் மூன்று தலைமுறையைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள். நான் ஆண்டாயியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினேன், போதும் என்று. அவள் கண் என் மீது இல்லை. எனக்குப் பின்னால், பள்ளத்துக்குள் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

"கேளு. திருச்சி டாக்டரு என்னடா சொன்னாரு? ஓடாதே, கத்தாதே, கோவப்படாதேன்னாரு. சீட்டைப் பஞ்சாங்கத்துக்குள்ள வச்சிட்டா நெஞ்சுக்குத் தெரியாதாடா?"

அதைச் சொல்ல உலகத்தில் ஒரே ஒருவர்தான் உண்டு. அவரைச் சுடுகாட்டுக்குச் சுமந்த நான்கு தோள்களில் ஒன்று என்னுடையது.

"அரியமுத்து இந்தப் பக்கம் உக்காந்திருக்காரு. நான் இந்தப் பக்கம். நடுவுல எடம் இருக்கு. வரியாடா?"

பள்ளம் யோசித்தது. பிறகு அடியிலிருந்து, கல்லான சங்குகளுக்கு நடுவிலிருந்து, மெதுவாகக் கேட்டது.

"வரியாடா?"

அதற்கப்புறம் நடந்தது எனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. கோச் பதவிக்கு நடராசனை முன்மொழிகிறேன் என்று நான் கத்தியதாகவும், கத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னது அப்போதே நினைவுக்கு வந்து மறுபடி மெதுவாகச் சொன்னதாகவும் கருப்பண்ணன் பிற்பாடு சொன்னார். எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. எதிர்க்க நினைத்த ஒரே ஆள் நடராசன். விசிலைக் கையில் வாங்கும்போது அவர் முகம் மைதானத்து வெள்ளையாக இருந்தது.

வீட்டில் செங்கமலம் சொம்பு நிறைய மோர் வைத்திருந்தாள். நான் உட்கார்ந்ததும் தானாகவே சொல்லிவிட்டாள். கூண்டில் சேவலைக் காணவில்லை, கோழி பிடிக்கத் தெரியாத மனிதரின் சட்டையில் இறகு ஒட்டியிருந்தது, நேரே ஆண்டாயி குடிசைக்குப் போனேன் என்றாள். செருமலும் கேளுவும் அவள் சொல்லிக் கொடுத்ததுதானாம்.

"குளவி?"

"அதைத் தூக்கத்துல வருசத்துக்கு ரெண்டு தடவ நீங்களே சொல்வீங்க."

"டாக்டர் சீட்டு?"

"அன்னிக்கு பஸ்ஸை விட்டு எறங்கினதும் நீங்க வெத்தல வாங்கப் போனீங்க. வாத்தியாரு நேரா வூட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போயிட்டாரு. பதினாலு மாசமா உங்களுக்குக் கொழம்புல பாதி உப்புதான். எனக்குக் கைப்பக்குவம் போயிருச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்தீங்களே."

எனக்குக் கோபம் வந்தது. டாக்டர் வேண்டாம் என்றாரே என்று அடக்கிக்கொண்டேன். மோரைக் குடித்தேன். அந்த நடு இடத்துப் பேச்சுதான் கொஞ்சம் அதிகப்படி, வரியாடா என்று கேட்டபோது உயிரே போய்விட்டது என்றேன்.

செங்கமலம் சொம்பை வாங்கிய கை அப்படியே நின்றது.

"எந்த நடு எடம்?"

சொன்னேன்.

"அதை நான் சொல்லச் சொல்லலியேங்க," என்றாள். உள்ளே போய்விட்டாள்.

நான் மைதானத்துப் பக்கம் போவதை விட்டேன். ஆபீஸ் விட்டால் வீடு. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். சாயங்காலம் காற்று கிழக்கிலிருந்து வரும்போது விசில் சத்தம் கேட்கும், கொஞ்சம் கழித்து இன்னொன்று கேட்கும். முதலாவது நடராசன். இரண்டாவது பள்ளம். எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்துவேன். ஒரு சாயங்காலம் ஒற்றை விசில் கேட்டது. அது நடராசனா, மற்றதா என்று நான் விடிகிறவரை யோசித்தேன்.

நடராசன் ஆவணி வரை தாக்குப்பிடித்தார். மேற்குப் பக்கத்து வேப்பமரத்தை விட்டு நகராமலேயே கோச் செய்தார். அங்கிருந்து சொன்னது ஆட்டக்காரர்கள் காதில் விழவில்லை. பெரம்பலூரில் நடந்த கோப்பை ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கினோம். மறுநாளே அவர் விசிலைக் கருப்பண்ணன் கடையில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த கோச் யார் என்று மறுபடி நாற்பது பேர் கூடுவதாகக் கேள்விப்பட்டேன். நான் அந்தத் தெருவையே சுற்றிக்கொண்டு போனேன்.

புரட்டாசியில் ஒரு நாள் வாரச்சந்தையில் ஆண்டாயி எதிரே வந்தாள். பகல்தான், கூட்டம்தான். இருந்தும் எனக்கு வியர்த்தது. அவளை ஓரமாக அழைத்து, வாத்தியார் இப்போது அமைதியாகிவிட்டாரா, அந்த நடு இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதா என்று தணிந்த குரலில் விசாரித்தேன்.

ஆண்டாயி கத்தரிக்காயைக் கூடைக்குள் போட்டுவிட்டுச் சிரித்தாள். "அதுவும் உங்க வூட்டம்மா சொல்லிக் குடுத்ததுதாங்க சார்."

"அவ சொல்லலைன்னாளே."

"சொல்லலைன்னு சொல்லப் போறேன்னும் சொல்லிட்டுத்தான் போனாங்க. வெறும் குளவிக்கும் சீட்டுக்கும் அந்த மனுசன் அடங்க மாட்டாரு ஆண்டாயி, ஒண்ணாவது நெசம்னு அவரு நம்பணும்னாங்க."

நாலு மாதத்துக்குப் பிறகு மூச்சு ஒழுங்காக வந்தது. நெஞ்சு லேசானது, அளவுகூடக் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. நடு இடமும் இல்லை, பக்கத்து இடமும் இல்லை. பள்ளம் வெறும் பள்ளம். இன்று சாயங்காலமே சைக்கிள் கடைக்குப் போய் என் பெயரைக் கொடுத்துவிடுகிறேன் பார் என்று அவளிடம் சொல்லிப் பையைத் தோளில் மாட்டினேன்.

"கடை வரைக்கும் எதுக்குங்க அலைச்சல்," என்றாள் ஆண்டாயி. "கழகத்துக்காரங்க நேத்து உச்சியிலயே வந்து குறி கேட்டுட்டாங்க. டிரில் மாஸ்டர் பேரை மொதல்ல சொல்லிரு, பொறவு எங்க வூட்டுக்காரருகிட்ட நெசத்தைச் சொல்லுன்னு உங்க வூட்டம்மா போன வாரமே சொல்லியிருந்தாங்க."