சோளக்காட்டு முக்கில் ஒரு நாற்காலி

உலகத்தில் நாகரிகம் எங்கே முற்றிப் பழுத்திருக்கிறது என்று யாராவது கேட்டால், கறம்பக்குடி ரஸ்தாவில் உள்ள சோளக்காட்டு முக்கைக் கைகாட்டிவிடலாம். அங்கே மூன்று ரஸ்தாக்கள் மரியாதையாக நேரே வந்து சேரும். நாலாவது, ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த கள்ளி வேலியைச் சுற்றிக்கொண்டு திடுதிப்பென்று வந்து குதிக்கும். அந்த நாலாவதில்தான் நாகராசு தினமும் கரி எரித்து ஓடும் கரிவாயு பஸ் ஓட்டி வந்தான். போன மாதம் ஒரு கட்டை வண்டியில் மோதினான். இந்த மாதம் ஒரு வில்வண்டியில். மூன்றாவது தடவை மோதினால் லைசென்ஸ் போய்விடும். பாவம், அவனுக்கு வேறு பிழைப்புத் தெரியாது.

"வேலியை இடுப்பளவுக்கு வெட்டிட்டாப் போதுமுங்க, எதிர்ல வர்றது தெரிஞ்சிரும்" என்று ரஸ்தா ஓவர்சியர் ஆத்மநாதனிடம் மனுக் கொடுத்தான்.

வேலி ஓவர்சியரின் மாமனாருடையது. ஆகவே அவர் விஷயத்தை மிகுந்த 'பொறுப்புடன்' எடுத்துக்கொண்டார்.

"ஸ்தல பரிசோதனை பண்ணாம ஒரு முள்ளைக்கூடத் தொடக் கூடாதுப்பா" என்றார்.

புதன்கிழமை காலை முக்கின் நட்டநடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாலு திக்கும் பார்த்து எழுதினார்: 'மூன்று பக்கம் ரஸ்தா தெரிகிறது. நாலாவது பக்கம் வேலி தெளிவாகத் தெரிகிறது. ஆகவே தெரியாதது ஒன்றுமில்லை.'

கையெழுத்துப் போடும்போது பஸ் சத்தம் கேட்டது. எங்கிட்டிருந்து என்று அவர் தலையைத் தூக்குவதற்குள் நாகராசு வேலியைத் தாண்டித் திரும்பிவிட்டான். மூன்றாவதும் வந்துவிட்டதே என்று பிரேக்கின்மேல் ஏறியே நின்றான். நாற்காலி நொறுங்கியது. ஓவர்சியர் மாமனாரின் வேலிக்குள் இருந்தார்.

"கண்ணு தெரியலையாடா ஒனக்கு?"

"வேலி மறைச்சிருச்சுங்க. எசமான் பஸ்ஸைப் பாத்தீங்களா?"

"இம்புட்டுப் பெரிய வேலி மறைச்சா எப்படிடா பாக்கிறது?"

சந்தைக்குப் போகும் பிச்சையம்மாள் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஐயா சொல்றது நெசந்தானுங்க. அதையும் அந்தக் காயிதத்துல எழுதிக்கங்க."

ஓவர்சியர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நாகராசுமேல் கேஸ் போட்டால் இந்தப் பேச்சு ஏட்டில் ஏறும். ஏறினால் வேலியை வெட்ட வேண்டும். வெட்டினால் மாமனார் வீட்டில் அவருக்குச் சோறு கிடைக்காது.

ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. விபத்துக்கு முழுக் காரணம், அனுமதியின்றி ரஸ்தாவில் நின்ற நாற்காலி. இனி அங்கே யாரும் நாற்காலி போடக் கூடாது. நாகராசு லைசென்ஸைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். மறுநாளும் சாமியை வேண்டிக்கொண்டு அதே வேலியைச் சுற்றி வந்தான்.

உத்தரவின் மகிமையை யாரும் குறை சொல்ல முடியாது. அன்றிலிருந்து அந்த முக்கில் ஒரு நாற்காலிக்கும் அடிபட்டதில்லை. அடிபடுவதெல்லாம் மாடும் மனிதரும்தான்.