டீப் அண்ணனின் அளவுகோல்

மலாக்கா மாநிலத்தில் அடுத்தவர் துக்கத்தை அளந்து பார்க்கும் உரிமை ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அந்த உரிமையை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. அவராகவே எடுத்துக்கொண்டார்.

ஆயர் குரோவில் நான் எச்.ஆர். கிளார்க்காக வேலை பார்த்த தொழிற்சாலையில் ஆங்கிலக் கடிதங்கள் எழுதுவது அவர் வேலை. சொந்தப் பெயர் என்னவென்று சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் டீப் அண்ணன். 'டீப்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கண்டால், அதை எழுதியவரை விசாரிக்காமல் விடமாட்டார். எத்தனை அடி ஆழம் என்று தெரியாமல் அந்தச் சொல்லைப் போடக்கூடாது என்பது அவர் சட்டம்.

ரெம்பியா பக்கத்து எஸ்டேட்டில் வளர்ந்தவர். வெள்ளம் வந்தால் தொழிலாளர் லயத்திலிருந்து யாராவது போய் எஸ்டேட் குமாஸ்தாவான கிராணியாரிடம் தண்ணீர் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். ஒருமுறை ஒருவர், "ரொம்ப ஆழமெல்லாம் இல்லங்கய்யா," என்று மட்டும் சொல்லியிருக்கிறார். கிராணியார் நம்பிப் போனார். மறுநாள் அவருடைய மோட்டார் சைக்கிளைக் கயிறு கட்டி இழுத்தார்களாம். அன்றிலிருந்து கணுக்கால், முட்டி, இடுப்பு, கழுத்து என்று உடம்பில் தொட்டுக் காட்டினால்தான் கிராணியார் ஏற்றுக்கொள்வாராம். கிராணியார் காலத்தோடு போய்விட்டார், எஸ்டேட்டும் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது, அந்தச் சட்டத்தை மட்டும் இவர் ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கழுத்துக்குக் கீழே இருப்பது எதுவும் 'டீப்' இல்லை.

எங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மரணச் செய்தி வந்தால் நடப்பது உங்களுக்கும் தெரிந்ததுதான். முதலில் ஒருவர் 'டீப்பெஸ்ட் கண்டோலன்சஸ்' என்று போடுவார். மற்ற நாற்பது பேரும் அதையே நகல் எடுத்து ஒட்டிவிட்டு, நாசி லெமாக் சோறு வாங்கக் கிளம்பிவிடுவோம். ஒருமுறை கணக்குப் பிரிவுப் பையன் ஒருவனுடைய மாமாவின் சம்பந்தி இறந்ததற்கு நானும் ஒட்டினேன். ஐந்து நிமிடத்தில் டீப் அண்ணன் என் மேசைக்கு வந்துவிட்டார்.

"தங்கச்சி, செத்தவர நீ பாத்திருக்கியா?"

"இல்லண்ணே."

"பேராவது தெரியுமா?"

"இல்லண்ணே."

"அப்புறம் எப்படி லா டீப்பெஸ்ட்டு? தலைக்கு மேல தண்ணி போன மாதிரி எழுதிட்டு இங்க உக்காந்து கறிபாப் திங்கிற! கணுக்கால்கூட நனையல ஒனக்கு. வெறும் கண்டோலன்சஸ் போதும், மாத்து."

மாத்தினேன். குழுவில் என் துக்கம் மட்டும் வற்றிப் போய்க் கிடந்தது. அந்தப் பையன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

கேன்டீனில் 'டீப் ஃபிரைட் சிக்கன்' என்று பலகை எழுதினார்கள். டீப் அண்ணன் சமையல்கட்டுக்குள் புகுந்து வாணலியில் கரண்டியை நிற்க வைத்து எண்ணெயை அளந்தார். கோழிக்கு முட்டி அளவுதான் வந்தது. பலகையிலிருந்து 'டீப்'பைத் தன் கைக்குட்டையாலேயே துடைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார். முதலுதவிப் பயிற்சிக்கு வந்த பெண், "டேக் எ டீப் பிரெத்," என்று சொல்லி முடிப்பதற்குள் கையைத் தூக்கி, "எதுவரைக்கும் மிஸ்?" என்று கேட்டார். அவள் அடுத்த வருடம் வரவில்லை.

இதையெல்லாம் நாங்கள் சிரித்துச் சமாளித்தோம். கம்பெனிக்குத்தான் கஷ்டம். வாடிக்கையாளருக்கு மூன்று ஸ்குரூ குறைந்து போனதற்கு 'வீ டீப்லி ரிக்ரெட்' என்று எழுதச் சொன்னால், 'நாங்கள் கொஞ்சம் வருந்துகிறோம்' என்ற பொருளில் எழுதி அனுப்புவார். வேடிக்கை என்னவென்றால், அந்த வாடிக்கையாளர்கள் யாரும் ஓடிப் போகவில்லை.

செல்வி அக்கா விஷயத்தில்தான் அது சிரிப்பாக இல்லாமல் போனது.

செல்வி அக்கா பதினான்கு வருடமாகப் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டுபவர். ஒரு வெள்ளிக்கிழமை சிங்கப்பூருக்குப் போக வேண்டிய சரக்கு ஜொகூருக்கும், ஜொகூர் சரக்கு சிங்கப்பூருக்கும் போய்ச் சேர்ந்தன. இரண்டு பக்கமிருந்தும் போனில் திட்டு விழுந்தது. எங்கள் மேனேஜர் பெரிய மனது பண்ணிப் பழியைச் செல்வி அக்காவுக்கே கொடுத்துவிட்டார். 'என் கவனக்குறைவுக்கு ஆழ்ந்து வருந்துகிறேன்' என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அடித்து அக்காவிடம் கையெழுத்து வாங்கும்படி டீப் அண்ணனுக்கு உத்தரவு. அந்தக் கையெழுத்து விழுந்தால் அக்காவுக்கு வேலை போகும். எச்.ஆரில் இருந்த எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

டீப் அண்ணன் வழக்கம்போலவே அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"சொல்லு செல்வி, எவ்வளவு வருத்தம்? முட்டியா, இடுப்பா?"

அக்கா அழுது முடித்த முகத்தோடு, "எனக்கு ஏண்ணே வருத்தம்? மாத்தி ஒட்டச் சொன்னதே மேனேஜருதான். போன்ல வாய்ஸ் மெசேஜ்கூட இருக்கு," என்றார்.

"அப்ப தரை காஞ்சுல்ல கெடக்கு!" என்று எழுந்தவர், நேராக மேனேஜர் அறைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"சார், செல்விய அளந்துட்டேன். ஒன்னுமே இல்ல. ஒங்களுக்கு எவ்வளவு?"

"என்னய்யா ஒளர்ற? அடிக்கச் சொன்னத அடி."

"இல்லாத தண்ணிய இருக்குன்னு எழுத மாட்டேன் சார்."

எழுதவில்லைதான். வேறொன்றை எழுதினார். 'லேபல் ஒட்டியவருக்கு வருத்தம் ஏதும் இல்லை. ஒட்டச் சொன்னவரின் வருத்தம் இன்னும் அளக்கப்படவில்லை' என்று இரண்டே வரி. அதோடு அந்தக் குரல் பதிவையும் சேர்த்து டைரக்டருக்கே அனுப்பிவிட்டார். டைரக்டர் பதிவைப் போட்டுக் கேட்டார். செல்வி அக்கா திங்கட்கிழமை வழக்கம்போல லேபல் ஒட்டினார்.

மேனேஜருக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். மேனேஜர்களுக்கு என்ன ஆகும்? ஒரு மாதம் யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தார், அவ்வளவுதான். ஆனால் டீப் அண்ணன் அறுபதைத் தாண்டியவர், வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பித்து ஓடிக்கொண்டிருந்தவர். அந்த வருடம் புதுப்பிக்கவில்லை. புதுப்பிக்கவில்லை என்று அவருக்குச் சொல்லும் கடிதத்தை அடித்தது நான்தான்.

வாங்கிப் படித்தார். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"தங்கச்சி, இதுல ஒரு டீப்லி ரிக்ரெட் இருக்கே, இது யாரோட வருத்தம்?"

"டெம்ப்ளேட்ல இருந்துச்சுண்ணே."

"டெம்ப்ளேட்டுக்கு எவ்வளவு வருத்தமாம்?"

அவர் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

கடைசி நாள் கேக் வெட்டினோம். எல்லோரும் எழுதிய பெரிய வாழ்த்தட்டையில் 'டீப்லி மிஸ்' என்று பதினேழு இடத்தில் இருந்தது. ஒருவர் எழுதியதைத்தான் மற்றவர்கள் பார்த்து எழுதியிருந்தார்கள். மனிதர் தன் பிரிவுபசாரத்தையே திருத்த ஆரம்பித்தார். ஒவ்வொருவராக அழைத்து எவ்வளவு என்று கேட்டு, பதினேழையும் அடித்தார். மேனேஜர் எழுதியிருந்த 'டீப்பெஸ்ட் கிராட்டிட்யூட்'டில் கிராட்டிட்யூடையும் சேர்த்து அடித்தார்.

அப்போது செல்வி அக்கா தலையில் துணித் தொப்பியும் கையில் கையுறையுமாக உள்ளே வந்தார். பத்து நிமிட ஓய்வு நேரத்தில் ஓடி வந்திருக்கிறார். அட்டையைப் பார்த்தார்.

"எனக்கு இங்கிலீஷ்ல எழுதத் தெரியாதுண்ணே," என்றவர், குதிகாலைத் தூக்கி நின்று, கையைத் தலைக்கு மேலே எவ்வளவு எட்டுமோ அவ்வளவு உயர்த்திக் காட்டினார். "இவ்வளவு."

டீப் அண்ணன் சிவப்புப் பேனாவை என்னிடம் நீட்டினார். செல்வி என்று பெயர் எழுதி, பக்கத்தில் 'டீப்லி' என்று நான் எழுதியதைக் குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அந்த அட்டையில் தப்பியது அது ஒன்றுதான்.

பிறகு என்னைப் பார்த்தார். அந்தச் சிவப்புப் பேனாவிடம் அடிவாங்கப் பயந்து நான் பெயரை மட்டும்தான் எழுதியிருந்தேன்.

"ஒனக்கு எவ்வளவு தங்கச்சி?"

"முட்டி வரைக்கும்தாண்ணே," என்றேன்.

அவரிடம் நான் குறைத்துச் சொன்ன அளவு அது ஒன்றுதான்.