முதலாளிக்குச் சட்டை தர முடியாது

கூத்தாநல்லூர்

அன்பு மகன் ஜாபிருக்கு அத்தா அப்துல் ஹமீது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் உன் அம்மா சுகம், தங்கை ஷிஃபா சுகம், வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதால் வயலும் சுகம். என் நிலவரத்தைக் கீழே எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் பேசினால் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள், அதனால்தான் காகிதம்.

என் சட்டையை உன் முதலாளிக்குத் தர முடியாது. முடியவே முடியாது. குவைத் தேசியக் கால்பந்து அணியின் பழைய பயிற்சிச் சட்டை எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்று அவரிடம் பீற்றிக்கொள்ளச் சொன்னது யார்? அவருக்குப் பழைய சட்டை சேர்க்கிற பைத்தியமாம், அது கைக்கு வந்தால்தான் தங்கை நிக்காஹுக்கு உனக்கு லீவாம். ஊரில் எவனாவது லீவுக்குச் சட்டை கேட்பானா? நான் குவைத்தில் அந்த அணியின் பயிற்சி மைதானத்துச் சலவை அறையில் வேலை பார்த்த காலத்தில் என்னை எல்லாரும் கைதட்டித்தான் கூப்பிட்டார்கள். பயிற்சிக்கு வந்த ஒரு பையன் மட்டும் 'ஹமீத்' என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டான். நான் ஊர் திரும்பும்போது அவன் கழற்றிக் கொடுத்த சட்டை இது. உன்னையும் கைதட்டிக் கூப்பிடுகிற ஒருவருக்கு இதை நான் ஏன் கொடுக்க வேண்டும்?

உன் அம்மா சைத்தூன் பீவி சும்மா இருப்பாளா? குவைத்துக்குப் புறப்படுகிற ஜாஃபர் சாதிக்கிடம் கொடுத்துவிட, மாசிக் கருவாட்டுத்தூள், ஊறுகாயோடு சட்டையையும் கட்டிவைத்தாள். நான் பார்சலைப் பிரித்து, இனி எவனும் தொட முடியாதபடி சட்டையை மாட்டிக்கொண்டேன். மாட்டும்போது ஏறியது, கழற்றும்போது இறங்கவில்லை. இருபது வயதுப் பையனுக்குத் தைத்தது, எனக்கோ நீ அனுப்பிய பாதாமும் பிஸ்தாவும் முழுக்க வயிற்றில் இருக்கின்றன. அதோடு தூங்கினேன், அதன்மேல் ஜிப்பா போட்டு ஜும்ஆவுக்குப் போனேன், தொழுகையில் ருகூவுக்குக் குனிந்தபோது அக்குளில் டர்ரென்று ஒரு சத்தம், பின்வரிசை சஃப்பில் ஒருத்தன் இருமுவதுபோல் சிரித்தான். வயலுக்குப் போனால், நம் நிலத்தைக் குத்தகைக்குப் பார்க்கிற காத்தான் நடவை விட்டுவிட்டு என்னைப் பார்க்கிறார். "பாய், மூச்சு விடுறீங்களா, இல்ல அப்பப்ப மறந்துடுறீங்களா?" என்கிறார். தையற்கடைக்காரர் கத்தரியோடு வந்தார். என் கழுத்தை வேண்டுமானால் வெட்டு, சட்டையில் கை வைக்காதே என்று விரட்டிவிட்டேன். "ஒங்களுக்குப் புள்ள பெரிசா, சட்ட பெரிசா?" என்று உன் அம்மா கேட்கிறாள். மானம் பெரிசு என்றேன். அன்றிலிருந்து எனக்கு ரசம்தான்.

மாப்பிள்ளையைக் கைபிடித்துப் பந்தலுக்குள் அழைத்துவர மச்சான் வேண்டும், எனக்குத் தெரியாதா? நீ வராவிட்டால் உன் சாச்சா மகன் பிடிக்கட்டும். உன் முதலாளியிடம் நிமிர்ந்து நின்று லீவு கேள். ஹமீது மகன் யார் காலிலும் விழ மாட்டான் என்று சொல். உனக்கு நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் கொஞ்சம் ரோஷத்தையும் அல்லாஹ் தருவானாக, ஆமீன்.

இப்படிக்கு,
மாறாத முடிவுடன்,
உன் அத்தா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஷிஃபா இதை வாங்கிப் படித்துவிட்டாள். சண்டை போடவில்லை. "சரி அத்தா, சாச்சா மவனையே கைபிடிக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அழுதிருந்தாலாவது தாங்கியிருப்பேன். தேங்காய் எண்ணெயை ஊற்றி, உன் அம்மா ஒரு கையும் ஷிஃபா ஒரு கையுமாக இழுத்ததில் சட்டை வந்துவிட்டது, பார்சலில் ஊறுகாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. கொடுத்துவிட்டு உடனே டிக்கெட் போடு. எண்ணெய் வாடை என்ன, அக்குளில் கிழிசல் என்ன என்று முதலாளி கேட்டால், கடுமையான பயிற்சி என்று சொல்.