தடைக்கு அரைப்பேர்

பெப்ரவரி பத்தாம் திகதி, திங்கட்கிழமை, காலை எட்டு ஐம்பத்தேழு. பதுளை நகரில் தூறல். குடை பிடித்தால் வீண், பிடிக்காவிட்டால் சட்டை நனையும். ஹாட்வெயார் கடையின் மேல்மாடிக்குப் போகும் பதினேழு படிகளையும் எண்ணிக்கொண்டே ஏறினேன். எழுபத்தோரு வயதில் ஒருவன் தன் மகளின் தொழிலைக் கெடுக்கப் பதினேழு படி ஏறினால் போதும் என்பது அப்போது தெரியாது.

அந்த மாடியில் என் மகள் ஜெயா ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம் நடத்தினாள். ஆறு பேர், ஆறு கணினி, ஒரு மின்விசிறி (சுற்றாது). ஆறு பேரும் தேயிலைத் தோட்டத்து லயங்களில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்து படித்தவர்கள். கொழும்புக்குப் போகாமல் வீட்டிலிருந்தே வேலைக்கு வரலாம் என்று சேர்ந்தவர்கள். கண்டியில் மருந்து விநியோகிக்கும் ஒரு நிறுவனத்துக்குச் செயலி செய்துகொண்டிருந்தார்கள். மறுவார வெள்ளிக்கிழமை அதை இயக்கிக் காட்ட வேண்டும். பிடித்தால் ஒரு வருட வேலை. பிடிக்காவிட்டால் ஆறு பேரையும் வைத்திருக்க வழியில்லை.

அந்த நேரம் பார்த்து, ஏழு மாதக் கர்ப்பிணியான ஜெயா இரண்டு வாரம் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

"அப்பா, காலையில ஒன்பது மணிக்கு எல்லாரும் நின்னுகிட்டே பதினஞ்சு நிமிஷம் பேசுவாங்க. நேத்து என்ன செஞ்சோம், இன்னைக்கு என்ன செய்யப் போறோம், எது தடையா இருக்கு, அவ்வளவுதான். நீங்க தடையை மட்டும் எழுதி எனக்குப் போன்ல அனுப்புங்க. நான் படுத்துகிட்டே யாரையாவது பிடிச்சுத் தீத்து வைக்கிறேன். வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

வேறு ஒன்றும் செய்யாமல் இருக்க எனக்குத் தெரியாது. நான் முப்பத்து நான்கு வருடம் தோட்டத்துக் கிளாக்கர். விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் பதிந்து வேலை பிரிக்கும் பெரட்டை, லீவு கழித்து, பத்தாயிரத்துச் சொச்சம் தடவை பார்த்தவன். ஆறு பேர் வரிசையாக நிற்பதைக் கண்டதும் கை தானாகப் பேனாவைத் தேடியது.

முதல் நாள் ஆறு பேரிடமிருந்து ஐந்து தடைகள் வந்தன. கணினி மெதுவாக ஓடுகிறது, கண்டியிலிருந்து பதில் வரவில்லை, இப்படி. எனக்கு அவை எல்லாம் சாக்காகவே கேட்டன. தோட்டத்தில் கொழுந்தின் நிறை குறைந்தால் நாங்கள் காரணம் கேட்பதில்லை. அரைப்பேர் போடுவோம்; பாதி நாள் கூலிதான். நான் சிவப்புப் பேனாவைத் திறந்து ஐந்துக்கும் அரைப்பேர் போட்டேன்.

"இனிமேலும் தடை சொல்றவங்களுக்கு அன்னைக்கு அரைப்பேர்." (சம்பளத்தில் கை வைக்க எனக்கு அதிகாரமில்லை. அதை அவர்களிடம் சொல்லவில்லை.)

பசறையிலிருந்து வரும் பிரதீப் கேட்டான்: "கரண்ட் போனா என்னங்க ஐயா செய்றது?"

"கரண்டுக்கு அரைப்பேர் இல்ல. போச்சுன்னு வந்து சொல்றவருக்குத்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். கொஸ்லந்தை நிரோஷா மட்டும் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை தடைகள் இரண்டாகக் குறைந்தன. புதன் பௌர்ணமி, போயா விடுமுறை. வியாழன் பூச்சியம். பதினைந்து நிமிடப் பேச்சு நான்கு நிமிடத்தில் முடிந்தது. அந்தப் பூச்சியத்தைப் படம் பிடித்து அனுப்பினேன்.

"ஒண்ணுமே இல்லையா அப்பா? ஒரு நாளைக்கு நாலு தடையாவது வருமே."

"நிர்வாகம் சரியா இருந்தா வராதும்மா."

தொடர்ந்து ஆறு காலைகள் பூச்சியம். என் உத்தியோக காலத்தில்கூட இப்படியொரு சுத்தமான பக்கத்தை நான் எழுதியதில்லை.

வெள்ளிக்கிழமை கண்டியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். ஜெயா படுக்கையிலிருந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். நிரோஷா மருந்துப் பட்டியலைத் திறந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு மருந்துகள். ஒவ்வொன்றின் விலையும் பூச்சியம்.

"இருமல் மருந்தும் பூச்சியம், இன்சுலினும் பூச்சியமா?" என்றார் மூவரில் மூத்தவர். பக்கத்திலிருந்தவர், "இந்த விலைன்னா நாமளே மொத்தமா வாங்கிட்டுப் போயிரலாம்" என்றார். நான் ஒருவன் மட்டும் சிரித்தேன். அவர் பாராட்டுவதாக நினைத்துவிட்டேன்.

விலைப்பட்டியல் அவர்களுடைய அலுவலகத்திலிருந்தே வர வேண்டியது. நிரோஷா நான்கு தடவை மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறாள். அங்கே அதைப் பார்ப்பவர் லீவில். ஜெயா அவர்களுடைய மேலாளருக்கு ஒரு போன் போட்டிருந்தால் மத்தியானத்துக்குள் வந்திருக்கும்.

அவர்கள் இறங்கிப் போன பிறகு போனில் ஜெயாவின் குரல் வந்தது. "முதல் நாள் பதில் வரலைன்னு சொன்னியே நிரோஷா. பிறகு ஏன் சொல்லல? நானும் அது வந்திருச்சுன்னு நினைச்சுட்டேன்."

"ரெண்டாவது நாளும் சொல்லத்தான் வந்தேன் அக்கா. ஐயா பேனாவைத் திறந்தாரு." மருந்துப் பட்டியலை மூடினாள். "எங்கம்மா கொழுந்து எடுத்தவங்க. அரைப்பேர் விழுந்த அன்னைக்கு எங்க வீட்ல யாரும் பேச மாட்டோம். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு வாய் வராதுக்கா."

நான் வேலை பார்த்தது கொஸ்லந்தையில் இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன்.

"மொத்தம் எத்தனை அரைப்பேர் போட்டீங்க அப்பா?"

"ஏழு."

போன் வைக்கப்பட்டது.

திங்கட்கிழமை கண்டியிலிருந்து மரியாதையான ஒரு கடிதம் வந்தது. எதிர்காலத்துக்கு வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள். ஜெயாவால் நான்கு பேரைத்தான் வைத்திருக்க முடிந்தது. பிரதீப்பும் நிரோஷாவும் கொழும்பில் வேலை தேடிக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டில் இப்போது யாரும் எதற்கும் குறை சொல்வதில்லை. குழம்பில் உப்பு எப்படி என்று நான் கேட்டால், மருமகன் தட்டோடு எழுந்து நின்று, "தடை ஒண்ணும் இல்லைங்க ஐயா" என்பார். ஜெயா சிரிப்பாள். சில நாள் நானும் சிரிப்பேன். உப்பு எப்படி என்பது மட்டும் தெரியவராது.

அந்த இருவரும் புறப்பட்ட அன்று நானும் பதுளை ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல டிக்கெட்டை நான்தான் வாங்கினேன். பிரதீப் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஜன்னல் பக்கம் இல்லைங்க ஐயா" என்றான். உடனே, "தடை சொல்லலைங்க, சும்மா சொன்னேன்" என்றான். நிரோஷா முதன்முறையாகச் சிரித்தாள். எனக்குத்தான் அன்று வாய் வரவில்லை. ஹாலிஎல பக்கம் திரும்பி ரயில் மறையும்வரை நின்றேன்.

அன்றைய கணக்கு: இரண்டாம் வகுப்பு டிக்கெட் இரண்டு, சோற்றுப் பார்சல் இரண்டு, தண்ணீர்ப் போத்தல் ஒன்று. மொத்தம் நாலாயிரத்து நூற்று முப்பது ரூபாய்.