பெட்ரோலா, ப்ளக்கா?

"சரி சார், கடைசியா ஒரே ஒரு தடவை கேக்கறேன். பெட்ரோலா, ஹைப்ரிடா?"

கணவர் மனைவியைப் பார்த்தார். மனைவி மகளைப் பார்த்தாள். மகள் கூரையில் இருந்த விளக்கைப் பார்த்தாள்.

"அடுத்த வாரம் சொல்றோமே" என்றார் கணவர்.

கேட்டவருக்கு நாற்பத்தாறு வயது. அந்தக் கார் ஷோரூமில் பதினேழு வருஷமாக விற்பனைப் பிரிவில் இருக்கிறார். வருகிற யாரிடமும் வணக்கத்துக்கு அடுத்த வார்த்தையாக மைலேஜைப் பற்றித்தான் பேசுவார். அதனால் எல்லோரும் அவரை 'மைலேஜ்' என்றே கூப்பிட்டார்கள். கிண்டலாகத்தான் ஆரம்பித்தது. இப்போது அவர் மனைவியே போனில் அவர் எண்ணை அந்தப் பெயரில்தான் வைத்திருக்கிறாள்.

மூன்று மாதமாக மைலேஜ் ஒரு வண்டிகூட விற்கவில்லை. மாதப் பிறப்பன்று மேனேஜர் கூப்பிட்டார். மைலேஜைவிடப் பத்து வயது சின்னவர். மரியாதை தெரிந்தவர், அதனாலேயே பயமாக இருக்கும்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த மாசம் ஒரு வண்டியாவது போகணும். இல்லன்னா உங்களை உதிரிபாக குடோனுக்கு மாத்தச் சொல்லிட்டாங்க."

குடோன் என்பது ஊருக்கு வெளியே ஜன்னல் இல்லாத ஒரு தகரக் கொட்டகை. அங்கே மாற்றப்பட்டவர் யாரும் ஷோரூமுக்குத் திரும்பியதில்லை. ஒருவர் மட்டும் திரும்பி வந்தார். ஓய்வு பெற்ற பிறகு, எல்லோருக்கும் இனிப்பு கொடுக்க.

போன சனிக்கிழமைதான் அந்த நாலு பேரும் கண்ணில் பட்டார்கள். நல்ல மழை. எதிர் பஸ் ஸ்டாப்பிலிருந்து ஓடிவந்து, வாசல் கூரைக்குக் கீழே கணவர், மனைவி, பத்து வயதுப் பெண், ஐந்து வயதுப் பையன், எல்லோரும் பாதி நனைந்து நின்றிருந்தார்கள். மைலேஜ் குடையை எடுத்துக்கொண்டு ஓடினார்.

"ஏன் சார் வெளியிலயே நிக்கறீங்க? உள்ள வந்து பாருங்க. வாங்கியே ஆகணும்னு ஒண்ணுமில்லை."

பெரியவர்கள் தயங்கினார்கள். பையன் தயங்கவில்லை. ஓடிப்போய் நடுவில் நின்ற ஏழு பேர் உட்காரும் பெரிய காரில் ஏறிக்கொண்டான். அவனை இறக்க அக்கா ஏறினாள். அக்காவை இறக்க அம்மா ஏறினாள். அப்பா கடைசியாக ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். மைலேஜுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அந்த வண்டியில் இரண்டு வகை. ஒன்று சாதாரண பெட்ரோல். இன்னொன்று ப்ளக்-இன் ஹைப்ரிட். வீட்டில் பிளக்கில் சொருகி சார்ஜ் போட்டால் கொஞ்ச தூரம் பேட்டரியிலேயே சத்தமில்லாமல் போகும், பேட்டரி தீர்ந்தால் பெட்ரோல் என்ஜின் எடுத்துக்கொள்ளும்.

"பெட்ரோல் போதும்" என்றார் கணவர்.

"ஹைப்ரிட்தான் நல்லது" என்றாள் மனைவி.

மைலேஜ் சிரித்தார். இந்தச் சிக்கலுக்கு அவரிடம் மருந்து இருந்தது. "ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓடும்னு சொல்லுங்க. கணக்கு தானா சொல்லிடும்."

"பன்னெண்டு கிலோமீட்டர்" என்றார் கணவர்.

"நாப்பது" என்றாள் மனைவி, அதே நொடியில்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"ஒரே வண்டிதானே சார்?"

"அது... நாளுக்கு நாள் மாறும்" என்றார் கணவர்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மைலேஜ் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, இரண்டு வண்டிகளையும் ஒப்பிட்டு ஓர் அட்டவணை தயாரித்தார்.

"யாரு இவங்க, உனக்கு இவ்வளவு வேண்டப்பட்டவங்க?" என்றாள் அவர் மனைவி.

"நல்ல குடும்பம். சண்டைதான் போடறாங்க, ஆனா ஒருத்தர் பேசினா இன்னொருத்தர் காது கொடுத்துக் கேக்கறாங்க."

"ஓஹோ. அப்படியும் வீடு இருக்கா?" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அந்த அட்டவணையைக் காட்டித்தான் இந்த இரண்டாம் சனிக்கிழமை கேட்டார். கிடைத்த பதில், அடுத்த வாரம். கைக்கு வந்த மீனை விடலாமா?

"சார், காகிதத்துல பார்த்தா புரியாது. ரெண்டையும் மாத்தி மாத்தி ஓட்டிப் பாருங்க. ஒரு மணி நேரம் எடுத்துக்கங்க. நான் கூட வரல. குடும்பமா போயிட்டு வாங்க."

கணவர் முகத்தில் ஏதோ வந்து போனது. "குடும்பமாவா?"

"ஆமா சார். பின்னே?"

ஒரு மணி நேரத்துக்கென்று போனவர்கள் இரண்டரை மணி நேரம் கழித்து வந்தார்கள். அதற்குள் அதே வண்டியை ஓட்டிப் பார்க்கக் காத்திருந்த ஒரு பில்டர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். வண்டிக்குள் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள்.

"நீங்க சொன்னதுதான் சரி" என்றாள் கணவரிடம். "பெட்ரோலே போதும்."

"இல்லல்ல, நீ சொன்னதுதான் சரி" என்றார் அவர். "ஹைப்ரிட்தான் நல்லா இருக்கு."

மைலேஜ் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"பாப்பா, நீயாவது சொல்லும்மா. எது வேணும்?"

பெண் ரொம்ப நேரம் யோசித்தாள். "ரெண்டையும் இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கணும் அங்கிள்."

மூன்றாம் சனிக்கிழமைக்குள் மைலேஜ் நோயைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தார். சார்ஜ் போடும் இடம்தான் பிரச்சினை. அதை வெளியில் சொல்லக் கூச்சப்படுகிறார்கள்.

"சார், நாளைக்கே நான் எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்துடறேன். வண்டி நிறுத்தற இடத்துல பிளக் பாயின்ட் இருக்கான்னு பார்த்துடலாம்."

"வீட்டுக்கு வேண்டாம்!"

இரண்டு வாயிலிருந்தும் ஒரே குரல். இதுவரை அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

"சரி, சரி. இங்கயே சார்ஜ் போட்டு வெச்சிருக்கேன். ஹைப்ரிட்ல உட்கார்ந்து ஏசியெல்லாம் போட்டுப் பாருங்க. அவசரமே இல்லை."

அவர்கள் அவசரப்படவில்லை. பையன் கடைசி வரிசையில் தூங்கிப்போனான். பெண் அம்மாவின் மடியில் தலையும் அப்பாவின் மடியில் காலும் வைத்துப் படுத்துக்கொண்டாள். பெரியவர்கள் இருவரும் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷோரூமில் நிற்கும் வண்டி, முன்னால் இருந்தது வெறும் சுவர். அதைத்தான் பார்த்தார்கள். ஒன்றே கால் மணி நேரம்.

அவர்கள் போனதும் ஒரு காது டாக்டர் வந்தார். நாள் முழுக்க இரைச்சலைப் பற்றியே கேட்டுக்கேட்டு அலுத்தவர். சத்தமில்லாத வண்டி வேண்டுமென்று பேப்பரில் எழுதியே வைத்திருந்தார். மைலேஜ் அவரை ஹைப்ரிடில் உட்கார வைத்து, "இப்ப ஸ்டார்ட் பண்றேன் டாக்டர். ஸ்டார்ட் ஆனதே உங்களுக்குத் தெரியாது" என்று பொத்தானை அழுத்தினார்.

ஏசியில் பேட்டரி முழுக்கக் கரைந்திருந்தது. பெட்ரோல் என்ஜின் உறுமிக்கொண்டு கிளம்பியது. டாக்டர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு இறங்கினார்.

"அண்ணே" என்றார் மேனேஜர் அன்று சாயங்காலம். "கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையா இருக்கு. அந்தக் குடும்பத்தை விட்டுடுங்க."

"இல்ல தம்பி. அவங்க வாங்குவாங்க. வாங்காதவங்க இப்படி வாராவாரம் வருவாங்களா? என் அனுபவத்துல சொல்றேன்."

"உங்க அனுபவத்துக்கு இன்னும் ஒரு சனிக்கிழமைதான் இருக்கு."

அந்தக் கடைசிச் சனிக்கிழமை மைலேஜ் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். சொன்ன நேரத்துக்கு நாலு பேரும் வந்தார்கள். பெட்ரோலில் ஒரு சுற்று, ஹைப்ரிடில் ஒரு சுற்று போய்வந்தார்கள். இந்த முறை கணவர், "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்றார். மனைவி, "ரெண்டுலயும் குறை இருக்கு" என்றாள்.

மைலேஜ் அட்டவணையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பதினேழு வருஷத்தில் வாடிக்கையாளரிடம் ஒருநாளும் செய்யாத காரியத்தைச் செய்தார். உண்மையைச் சொன்னார்.

"சார், மேடம், உங்ககிட்ட மறைக்கல. இன்னிக்கு இந்த ஒரு வண்டி போகலைன்னா என்னைக் குடோனுக்கு மாத்திடுவாங்க. ஜன்னல்கூட இல்லாத இடம். வேற யாரையும் பிடிக்க எனக்கு நேரமில்லை, ஏன்னா இந்த மாசம் முழுக்க நான் உங்களைத்தான் பிடிச்சுக்கிட்டிருந்தேன். பெட்ரோலோ ஹைப்ரிடோ, எதுவா இருந்தாலும் சரி. ஒரு கையெழுத்து போடுங்க."

கணவரின் முகம் வெளுத்தது. "எங்களால உங்களுக்கா?" என்றார். மனைவி கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி முறுக்கினாள். பிறகு அவள்தான் மெல்லச் சொன்னாள்: "போட்டுடுங்க. பாவம் அவரு."

கணவர் பேனாவை எடுத்தார். மைலேஜ் படிவத்தை நகர்த்தினார். பேனா முனை காகிதத்துக்கு ஒரு விரற்கடை தூரத்தில் இருந்தது.

"அங்கிள்" என்றாள் பெண். "கார் வாங்கிட்டா, அப்புறம் நாங்க இங்க வர வேண்டாமா?"

"எதுக்கும்மா வரணும்?" மைலேஜ் மாதக்கணக்காகச் சிரிக்காத சிரிப்பைச் சிரித்தார். "அதான் கார் உங்க வீட்டு வாசல்லயே நிக்கப் போகுதே!"

பெண்ணின் உதடு துடித்தது. சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். அவள் அழுவதைப் பார்த்துப் பையன் சத்தத்தோடு அழுதான். கணவர் பேனாவை மூடி மேஜையில் வைத்தார்.

"மன்னிச்சிடுங்க" என்றார். அவர்கள் அடுத்த வாரம் என்று சொல்லாமல் போனது அன்றைக்குத்தான்.

ஐந்து மணிக்கு மேனேஜர் மாற்றல் உத்தரவைக் கொடுத்தார். நின்றபடியே இரண்டு கையாலும் கொடுத்தார். மைலேஜ் டிராயரைக் காலி செய்தார். மூக்குக் கண்ணாடி, ஒரு பழைய சீப்பு, மூன்று பேனா. ஒரு பிளாஸ்டிக் பைக்குள் பதினேழு வருஷம் அடங்கிவிட்டது.

வாசலில் காவலாளி கேட்டைத் திறந்துவிட்டார். வெயிலோ மழையோ, நாள் முழுக்க அந்த ஸ்டூலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களைப் பார்ப்பதும் அவர்களிடம் பேச்சுக் கொடுப்பதும்தான் அவர் வேலை.

"என்ன சார், பையெல்லாம் தூக்கிட்டு?"

மைலேஜுக்கு இத்தனை நேரம் அடக்கிவைத்தது பொங்கியது.

"எல்லாம் அந்தக் குடும்பத்தாலதான்யா! வாங்கற எண்ணமே இல்லாதவங்க எதுக்கு வாராவாரம் வந்து என் உயிரை வாங்கணும்? வீட்டுல உட்கார்ந்து பேச வேண்டியதை இங்க வந்து பேசி என் பொழப்பைக் கெடுத்துட்டாங்க. அப்படி என்ன குடும்பம் அது?"

காவலாளி கேட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு அவரை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியாதா சார்? விவாகரத்து ஆகி ரெண்டு வருஷமாச்சு, சனிக்கிழமை சனிக்கிழமை அந்தம்மா பிள்ளைங்களை அவர்கிட்ட விட கோர்ட்டு சொன்ன இடம் எதிர்ல இருக்கற அந்த பஸ் ஸ்டாப்பு. உங்க வண்டியில ஏறி இறங்கற வரைக்கும்தான் சார் அது குடும்பம்."