கொத்தனார் ரசீது

"கொத்தனார் கைப்பட எழுதின ரசீது இல்லாம ஒண்ணும் நடக்காது மாமா" என்றாள் கம்ப்யூட்டர் சென்டர் பெமிலா.

குமாரதாஸுக்குத் தக்கலையில் வாடகைக்கு விட்ட வீடுகள் மூன்று. மஸ்கட்டில் பதினேழு வருடம் வெயிலில் நின்ற மனிதர். வருமான வரி என்ற சொல்லுக்குத்தான் சட்டை நனையும். கணக்குக் காட்ட இன்னும் மூன்றே நாள். இந்த வருடம் மராமத்துச் செலவு ஒன்றே முக்கால் லட்சம். அதைக் கழிக்காவிட்டால் அதற்கும் சேர்த்து வரி கட்ட வேண்டும். கான்ட்ராக்ட் எடுத்த கொத்தனார் ஏசுஅடிமைக்குக் கொடுத்ததோ முழுக்க ரொக்கம்.

ரசீது என்றதும் ஏசுஅடிமை கரண்டியைக் கீழே போட்டார்.

"என்னைக் கொல்லப் பாக்கியளா அண்ணாச்சி? எம் பெஞ்சாதி டெல்சிகிட்ட ஒரு லட்சம்னுதான் சொல்லியிருக்கேன். மிச்சம் கேரளாவுல, பாறசாலையில லாட்டரிச் சீட்டாப் போச்சு."

"அப்போ ஒரு லட்சத்துக்கே எழுதித் தாரும்வே."

எழுதித் தந்தார். பெமிலா அதைத் திருப்பிக் கொடுத்தாள். "முழுத் தொகையும் வேணும் மாமா. குறைச்சுக் காட்டினா மாட்டிக்கிடுவிய."

மறுநாள் கொத்தனார், முழுத் தொகைக்கு எழுதப் பயப்படுவதற்கான படி என்று ஐயாயிரம் கேட்டார். குமாரதாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தார். புது ரசீதைப் படித்த பெமிலா, என்றைக்கு எவ்வளவு என்று தேதிவாரியாக வேண்டும் என்றாள். அதை எழுதுவதற்கு, அடுத்த வருட பெயின்ட் வேலையும் தமக்கே என்று சத்தியம் வாங்கிக்கொண்டார் கொத்தனார்.

"இது மட்டும் டெல்சி கண்ணுல பட்டுது, நான் பாறசாலையிலயே குடியிருக்க வேண்டியதுதான்."

"இன்கம்டாக்ஸ் ஆபீசுக்கும் உம்ம பெஞ்சாதிக்கும் என்னவே சம்பந்தம்?" என்று தைரியம் சொன்னார் குமாரதாஸ்.

கடைசி நாள். பெமிலா ரசீதைப் போனில் படம் எடுத்தாள். பிறகு அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், பத்தே நிமிடத்தில் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டாள்.

"ஏட்டி, ரசீதைப் பாத்து ஏத்தலியா?"

"அது எதுக்கு மாமா? வீட்டு மராமத்துக்குன்னு வாடகையில நூத்துக்கு முப்பது அவியளே கழிச்சிருவாவ. நீங்க செலவு செஞ்சாலும் செய்யாட்டாலும் அதேதான். ரசீதெல்லாம் கேக்கவே மாட்டாவ."

குமாரதாஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பின்ன ஐயாயிரம் ரூபா தண்டம் அழுது, மூணு நாளா எதுக்குட்டி என்னை ஓட வச்சே?"

பெமிலா போனிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"ரசீது கேட்டது இன்கம்டாக்ஸ் இல்ல மாமா, எங்க டெல்சி சித்தியாக்கும்."